செயலமர்வால் மட்டும் ஆசிரியர் வளர்வதில்லை

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும்போதெல்லாம் இலங்கையின் கிழக்குக் கரையில் மருதமுனை முதல் பொத்துவில் வரை மூன்று விளக்கங்கள் கேட்கும்: ஆசிரியருக்குப் பயிற்சி போதாது, பெற்றாருக்கு அக்கறை இல்லை, அதிபர் சரியில்லை. மூன்றுக்கும் அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கைதான்: திருத்தம் எங்கிருந்தோ ஒரே தடவையில் வந்து இறங்கும் என்பது. ஆய்வுகள் காட்டுவது வேறு. கற்பித்தல் திறன் அன்றாட வேலைக்குள், சக ஆசிரியரோடும் பிள்ளையின் வீட்டோடும் சேர்ந்தே வளர்கிறது.

நம்பிக்கை: செயலமர்வு கூடினால் கற்பித்தல் திருந்தும்.

உண்மை: வளவாளர் ஒரு நாள் பேசுவார், கையேடு கிடைக்கும், வருகைப் பதிவேட்டில் கையொப்பம் விழும். அடுத்த நாள் வகுப்பறை பழையபடியே ஓடும். அமெரிக்காவில் 2007இல் வெளியான ஒரு மீளாய்வு 1,300க்கு மேற்பட்ட ஆய்வுகளைச் சலித்து, நம்பத்தக்கவை என்று ஒன்பதை மட்டுமே ஏற்றது. அவற்றில் 14 மணிநேரமோ அதற்குக் குறைவோ நடந்த பயிற்சிகளால் மாணவர் அடைவு குறிப்பிடும்படி உயரவில்லை. மாறாக, வகுப்பறைக்கே வந்து கூட நின்று வழிகாட்டும் முறையைப் பற்றிய 60 ஆய்வுகளை மத்தியூ கிராஃப்டும் சகாக்களும் 2018இல் தொகுத்தபோது, கற்பித்தலும் மாணவர் அடைவும் இரண்டுமே முன்னேறியிருந்தன. காரணம் எளிது. தரம் 6இல் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டச் சொன்னால், மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளைகள் இருப்பார்கள். வெண்பலகைக்கு முகம் கொடுத்து நிற்கும் ஆசிரியருக்கு அது தெரியாது. பின்வரிசையில் அமர்ந்து கொப்பிகளைப் பார்க்கும் சக ஆசிரியருக்குத் தெரியும். அவர்கள் இருவரும் அந்தப் பிழையை முன்வைத்து அடுத்த பாடத்தைத் திட்டமிடும்போதுதான் பயிற்சி தொடங்குகிறது. அட்டாளைச்சேனை தேசிய கல்வியியற் கல்லூரியில் பயில்வோரும் மூன்றாம் ஆண்டைப் பாடசாலையில்தான் கழிக்கிறார்கள். ஆசிரியம் பாடசாலைக்குள்ளேயே கற்கப்படும் தொழில் என்று அரசே ஒப்புக்கொள்கிறது. நியமனம் கிடைத்ததும் அந்தக் கற்றல் நின்றுவிடலாம் என்று நாம் எப்படி முடிவு செய்தோம்?

நம்பிக்கை: கூட்டத்துக்கு வராத பெற்றாருக்குப் பிள்ளையின் படிப்பில் அக்கறை இல்லை.

உண்மை: வாப்பா கட்டாரிலோ சவூதியிலோ இருப்பார், அல்லது கடலிலோ வயலிலோ இருப்பார். காலை பத்து மணிக் கூட்டத்துக்கு அவர் எப்படி வருவார்? உம்மா வந்தாலும் முன்னூறு பேர் நடுவே தன் பிள்ளையைப் பற்றி ஒரு சொல்லும் கேட்காமல்தான் திரும்புவார். வருகையை வைத்து அக்கறையை அளப்பது அளவுகோலின் பிழை. 2009இல் ஹில், டைசன் ஆகியோர் இடைநிலை வகுப்புகள் பற்றிய 50 ஆய்வுகளைத் தொகுத்தனர். வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பதைவிட, படிப்பின் மதிப்பையும் எதிர்பார்ப்பையும் பிள்ளையோடு பேசுவதே அடைவோடு வலுவாக இணைந்திருந்தது. அதற்கு உம்மா பட்டதாரியாக இருக்கத் தேவையில்லை. மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை அங்கே குடியேற்றும் வழக்கம் உள்ள இந்தக் கரையோரத்தில், உம்மம்மாவும் சாச்சியும் பெரும்பாலும் பக்கத்து வளவில்தான் இருப்பார்கள். பிள்ளையைக் கவனிக்கும் இத்தனை பெரியவர்கள் இருந்தும், பாடசாலை அவர்களை ஆண்டுக்கு ஓரிரு தடவை மட்டுமே கூப்பிடுகிறது. பாடத்தில் தவறிய உயர்நிலைப் பாடசாலை மாணவருக்கான ஓர் அமெரிக்க மீள்கற்றல் திட்டத்தில், வாரம் ஒரு வரிச் செய்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வின்படி தவறியோர் 15.8 வீதத்திலிருந்து 9.3 வீதமாகக் குறைந்தனர். பாராட்டைவிட, எதைத் திருத்த வேண்டும் என்று சொன்ன செய்திகளே கூடுதலாகப் பயன்பட்டன. “மகள் இந்த வாரம் பின்னக் கணக்கில் தடுமாறுகிறாள், இரவில் கொப்பியைக் காட்டச் சொல்லுங்கள்” என்ற வாட்ஸ்அப் குரல் செய்தி தோஹாவுக்கும் போகும்.

நம்பிக்கை: நல்ல அதிபர் வந்தால் பாடசாலைப் பண்பாடு தானே மாறும்.

உண்மை: அதிபருக்கு இடமாற்றம் வந்தால் அந்தப் பண்பாடும் அவரோடு போய்விடுமானால், அது அவருடைய ஆளுமை மட்டுமே. சிக்காகோப் பாடசாலைகளைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்த பிரைக்கும் ஷ்னைடரும் 2002இல் எழுதிய நூலில், அதிபர், ஆசிரியர், பெற்றார் இடையேயான நம்பிக்கை வலுவாயிருந்த இடங்களிலேயே முன்னேற்றம் காணப்பட்டதாகக் காட்டினர். ஆசிரியர் ஒருவருக்கொருவர் உதவும் பாடசாலையில் பணிபுரிபவர் ஆண்டுகள் செல்லச் செல்லக் கூடுதலாக மேம்படுகிறார் என்று 2014இல் கிராஃப்டும் பாப்பேயும் கண்டனர். இருபது வருட அனுபவம் எல்லோரையும் ஒரே அளவில் வளர்ப்பதில்லை. எங்கே இருபது வருடம் என்பதும் முக்கியம்.

மறுப்புகள் உண்டு. இவை அமெரிக்க எண்கள் என்பது உண்மை. அதே வீதம் சாய்ந்தமருதில் கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. கூடவே, வழிகாட்டல் திட்டங்கள் பெரிதாக விரியும்போது பயன் குறைவதையும் கிராஃப்டின் தொகுப்பே சொல்கிறது. அதனால்தான் வலயம் முழுவதற்கும் ஒரே சுற்றறிக்கையாக இறக்காமல், ஒரு பாடசாலையில் ஒரு பாடத்தோடு தொடங்குவது நல்லது. நேரமில்லை என்பது இன்னொரு மறுப்பு. பதில் பாடவேளையும் பதிவேடுகளும் ஆசிரியரை நெருக்குவது மெய்தான். ஆனால் ஒரே பாடத்தின் இரு ஆசிரியர்களுக்கு வாரத்தில் ஒரு பொது ஓய்வுப் பாடவேளை ஒதுக்குவதற்குப் பணம் தேவையில்லை. நேரசூசியை அப்படி அமைத்தால் போதும். வகுப்புக்கு வருபவர் குறை பிடிக்கத்தான் வருவார் என்ற அச்சமே கடினமானது. அதைத் தீர்க்க வழி ஒன்றுண்டு: அந்த வருகையிலிருந்து புள்ளியோ அறிக்கையோ வலயக் கல்விப் பணிமனைக்குப் போகாது என்று அதிபர் முதலிலேயே சொல்லி, முதலில் தன் வகுப்பைத் திறந்து காட்ட வேண்டும்.

செயலமர்வை நிறுத்த வேண்டியதில்லை. புதிய பாடத்திட்டத்தை அறிமுகம் செய்ய அது வேண்டும். ஆனால் அது வகுப்பறைக்குள் தொடராவிட்டால் சான்றிதழ் மட்டுமே மிஞ்சும். அடுத்த தவணைக்கு நேரசூசி தயாரிக்கும் அதிபர்கள் அந்த ஒரு பொதுப் பாடவேளைக்கு முதலில் இடம் ஒதுக்கட்டும்.