அட்டையும் வாய்ப்பாடும்

தொடக்கப் பள்ளியில் ஆசிரியராகப் புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு, 32 ஆண்டு பெரும்பாலும் ஒன்றாம் இரண்டாம் வகுப்புகளிலேயே கிடந்த ஒரு டீச்சர் எழுதுவது.

1. எதைச் சொல்லித் தர வேண்டும், எதைப் பிள்ளை தானே பிடித்துக்கொள்ளும் என்பதைப் பாடத்துக்குப் பாடம் பாருங்கள். கா, மா, சா மூன்றையும் காட்டிவிட்டு ‘ட’வை நீட்டச் சொன்னால், துணைக்காலைப் பிள்ளையே போட்டுவிடும். அங்கே வாயைத் திறக்காதீர்கள். கு, சு, மு, து அப்படியல்ல. ஒவ்வொன்றும் ஒவ்வொரு கோலம். யோசித்துக் கண்டுபிடிக்க அதில் ஒன்றுமில்லை. கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள், கை பிடித்து எழுத வையுங்கள். ழகரத்துக்கு நாக்கு எங்கே மடங்குகிறது என்பதையும் நீங்கள்தான் காட்ட வேண்டும்.

2. பிள்ளைகள் சுறுசுறுப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய, பிள்ளைகள் அட்டை அட்டையாகத் தாமே படித்து முன்னேறும் செயல்வழிக் கற்றல், சில ஆண்டுகளில் எங்கள் கிராமத்துக்கும் வந்தது. பாய் விரித்தோம். பிள்ளைகளின் உயரத்துக்குத் தாழ்வான கரும்பலகை, தலைக்கு மேல் கம்பிப் பந்தல், தட்டு நிறைய அட்டைகள். நான்கு வகுப்புப் பிள்ளைகளும் கலந்து உட்கார்ந்தார்கள். இனி எனக்கு என்ன வேலை என்று ஓய்வாக இருந்துவிட்டேன். ஒரு பெண் குழந்தை தினமும் அட்டை எடுக்கும், ஓரமாய் உட்காரும், திரும்ப வைக்கும். பன்னிரண்டு நாள் அதே அட்டை! சத்தம் போடாத பிள்ளை. அதனால் என் கண்ணில் படவில்லை. அதன்பின் சாயங்காலம் மணி அடிக்குமுன் யார் எந்த அட்டையில் நிற்கிறார்கள் என்று நோட்டில் குறிக்காமல் நான் வீட்டுக்குப் போனதில்லை.

3. வாய்ப்பாட்டைக் கோரஸாகச் சொல்ல வைப்பதில் வெட்கம் வேண்டாம். முதலில் புளியங்கொட்டையை ஏழு ஏழாகக் குவிக்கட்டும். பிறகு ராகம் போட்டுச் சொல்லட்டும். மறுநாள் நடுவில் நிறுத்தி “ஏழெட்டு எவ்வளவு?” என்று கேளுங்கள். “ஓரேழு ஏழு” என்று அடியிலிருந்து ஆரம்பித்தால், ராகம்தான் ஏறியிருக்கிறது. மறுபடி கொட்டைக்கு வாருங்கள்.

4. பிள்ளை பிள்ளைக்குச் சொல்லிக் கொடுப்பதைப் புதுமை என்று பயிற்சியில் சொல்வார்கள். நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை செய்தது அதுதானே! எழும்பூர் அனாதைச் சிறுவர் விடுதியை நடத்திய ஆண்ட்ரூ பெல், இங்கே சிறுவர்கள் மணலில் எழுதிப் படிப்பதைப் பார்த்துத் தன் பள்ளியில் பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லித்தர வைத்துப் பார்த்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாக்கினார். சீமையில் அதற்கு ‘மெட்ராஸ் முறை’ என்றே பெயர். ஒன்று மட்டும் கவனம்: கெட்டிக்காரப் பிள்ளையைச் சம்பளமில்லாத உதவியாளர் ஆக்கிவிடாதீர்கள். அதற்கும் படிப்பு இருக்கிறது. சட்டாம்பிள்ளையின் பிரம்பும் வேண்டாம்.

5. பிள்ளைகள் அட்டையிலும் பலகையிலும் படிக்கும்போது, “நோட்டுல ஒண்ணுமே இல்லையே டீச்சர்” என்று அம்மாக்கள் கேட்பார்கள். விளக்கம் சொல்லாமல் அவர்களையே அரைமணி நேரம் வகுப்புப் பாயில் உட்கார வையுங்கள்.

6. 2022-இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் பிள்ளை எவ்வளவு கற்றிருக்கிறது என்பதைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று ஏறும் நிலைகள் உண்டு. யாருக்கு எதைச் சொல்லித் தருவது என்று உங்களுக்குத் தெரிவதற்காக வைத்த பெயர்கள் அவை. பிள்ளைகளைக் கூப்பிடுவதற்கு அல்ல. இரண்டாம் வகுப்புப் படித்த என் பேரனிடம் கதைப் புத்தகத்தை நீட்டினேன். “நான் அரும்பு பாட்டி, எனக்கு இதெல்லாம் வராது” என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.