ஆறாவது பையனும் தை மாதமும்

அன்புள்ள தம்பிக்கு,

அறிக்கை கிடைத்தது. தை கடைசியில் தஞ்சாவூர்ப் பக்கம் வந்து, இரண்டு நாள் தங்கி, பதினோரு கபடிப் பையன்களைப் பார்த்து, ஆளுக்கொரு பக்கம் எழுதியிருக்கிறாய். இரண்டு முறை படித்தேன். முதல் முறை காபியோடு. இரண்டாம் முறை சிவப்புப் பேனாவோடு. பாடிப் போகிறவனுக்கு என்ன வேண்டும், பிடிக்கிறவனுக்கு என்ன வேண்டும் என்றெல்லாம் உனக்குப் பாடம் எடுக்கப் போவதில்லை. நீயும் புழுதி தின்றவன்தான். நேராக என் எரிச்சலுக்கே வருகிறேன்.

முதல் எரிச்சல், நாற்பது கெஜம். ஒவ்வொரு பையன் பெயருக்கு நேரேயும் நாற்பது கெஜ ஓட்ட நேரத்தை வினாடியில் நூறில் ஒரு பங்கு வரைக்கும் குறித்திருக்கிறாய். எங்கிருந்து இதைப் பிடித்தாய் என்று தெரிகிறது. அமெரிக்கக்காரர்கள் ஆடும் முட்டைப் பந்தாட்டத்தில், கல்லூரிப் பையன்களைப் பெரிய அணிகள் முறை வைத்துப் பொறுக்கிக்கொள்வதற்கு முன்னால், எல்லோரையும் ஓரிடத்தில் கூட்டி நாற்பது கெஜம் ஓடவிட்டுப் பார்ப்பார்கள். அவர்கள் மைதானம் நூறு கெஜ நீளம், ஓட இடம் இருக்கிறது. நம்முடையது 13 மீட்டருக்கு 10 மீட்டர். நடுக்கோட்டிலிருந்து கடைசிக் கோட்டுக்கு ஆறரை மீட்டர். நாற்பது கெஜம் என்றால் முப்பத்தாறரை மீட்டர். அந்த ஓட்டம் ஓடுகிறவன் கோர்ட்டைத் தாண்டி, மைக் செட்காரனைத் தாண்டி, பஜ்ஜிக் கடை வாசலில்தான் போய் நிற்பான்.

அந்த ஊரிலேயே அந்தக் கடிகாரம் எத்தனை முறை ஏமாற்றியிருக்கிறது! 2000ஆம் ஆண்டில் டாம் பிராடி என்கிற பையனை 198 பேருக்குப் பிறகு, 199ஆவது ஆளாகத்தான் எடுத்தார்கள். ஓட்டத்தில் ஆமை. பின்னால் ஏழு சூப்பர் பவுல் ஜெயித்தார். கடன் வாங்குகிறவன் கடன் கொடுக்கிறவனின் கணக்கையும் கொஞ்சம் பார்க்க வேண்டாமா?

நான் கேட்பது வேறு. ஓரத்தில் நிற்கிற கார்னரைத் தொட்ட பிறகு, உடம்பைத் திருப்பி நடுக்கோட்டை நோக்கி வைக்கிற முதல் இரண்டடி. ரெய்டர் தாண்டியாக வேண்டிய பாக் கோட்டிலிருந்து நடுக்கோட்டுக்கு 3.75 மீட்டர்தான். புள்ளி வீட்டுக்கு வருவதும் வழியிலேயே செத்துப்போவதும் அந்த இரண்டடியில். அதைப் பற்றிப் பதினோரு பக்கத்தில் ஒரு வரி இல்லை.

இரண்டாவது எரிச்சல், நான்காவது பையனின் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறாயே, ‘அடுத்த பர்தீப்’. எந்த பர்தீப்? 2015இல் பெங்களூரு அணியில் அறிமுகமானபோது யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாத பர்தீப் நர்வாலா? 2017இல் பாட்னாவுக்காக ஒரே சீசனில் 369 ரெய்டு புள்ளி எடுத்து, ‘டுப்கி’ என்ற சொல்லை நம் ஊர்ப் பொடியன்கள் வாயிலும் ஏற்றிய பர்தீப்பா? 2021இல் 1 கோடியே 65 லட்சத்துக்கு உத்தரப் பிரதேச அணி வாங்கிய பர்தீப்பா? 2025 ஏலத்தில் கேட்பாரே இல்லாமல் போய், ஓய்வை அறிவித்த பர்தீப்பா? ஆள் ஒருவர்தான். வருடத்தைச் சொல்லாமல் பெயரை மட்டும் சொன்னால் வாங்குகிற முதலாளி என்ன புரிந்துகொள்வான்? பையன் ஒருமுறை சங்கிலிக்கு அடியில் குனிந்து புகுந்து வந்துவிட்டான். நல்லது. அதற்காக அவன் தலையில் இன்னொருவர் மகுடத்தை வைக்காதே. கழுத்து வலிக்கும்.

மகுடத்தின் கனம் ஏறிக்கொண்டே போகிறது என்பதையும் யோசி. 2014இல் புரோ கபடி தொடங்கியபோது ஏலத்தின் உச்ச விலை ராகேஷ் குமாருக்கு 12 லட்சத்து 80 ஆயிரம். 2023இல் பவன் ஷெராவத்துக்கு 2 கோடியே 60 லட்சத்துக்கும் மேல். அதே பவனை அதற்கு முந்தின வருடம் நம் தமிழ் தலைவாஸ் 2 கோடியே 26 லட்சத்துக்கு வாங்கியது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போனது, சீசனே போனது. தலையில் கை வைத்து உட்கார்ந்தோம். அந்த அணியைத் தூக்கி நிறுத்தியது யார்? புதுமுகக் கணக்கில் வந்திருந்த நரேந்தர். அந்த சீசனில் 243 ரெய்டு புள்ளி. தலைவாஸ் முதல்முறையாக அரையிறுதிக்குப் போனது. கோடிகளை எண்ணியவர்களுக்கு வராத பெயர், மூலையில் உட்கார்ந்து அந்தப் பையனை நோட்டில் குறித்துவைத்த யாரோ ஒருவனுக்கு வந்திருக்க வேண்டும். நீ அந்த ‘யாரோ ஒருவன்’ ஆக வேண்டும் என்பதுதான் என் ஆசை. அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

இனி என் பல்லவி. வீட்டில் சிரிப்பார்கள், கிழவன் வாயைத் திறந்தால் கார்னரில்தான் போய் நிற்பான் என்று. சிரிக்கட்டும். உன் பதினோரு பேரில் எட்டுப் பேர் ரெய்டர்கள். பாடிப் போகிறவனைப் பார்ப்பது சுலபம். எல்லோர் கண்ணும் அவன் மேல்தான், விசிலும் அவனுக்குத்தான். கார்னர்க்காரன் முப்பது வினாடி ரெய்டில் இருபத்தைந்து வினாடி ஒன்றும் செய்யமாட்டான். செய்யக் கூடாது. வந்தவன் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டி, பின்னங்காலைத் தூக்குகிற அந்த ஒரு இமைப்பொழுது வரைக்கும் மரம் மாதிரி நிற்க வேண்டும். முந்திப் பாய்கிற கார்னர் எதிரணிக்குச் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கிறவன்.

கார்னரில் நின்ற சேரலாதனை எடுத்துக்கொள். தர்மராஜ் சேரலாதன், நம் தஞ்சை மாவட்டத்துக் கிராமத்துக்காரர். 1975இல் பிறந்தவர். புரோ கபடி தொடங்கியபோது அவருக்கு 39 வயது. உன் படிவத்தில் அவர் பெயரை எழுதினால் வயதைப் பார்த்ததுமே காகிதம் குப்பைத் தொட்டிக்குப் போயிருக்கும். 2016இல் பாட்னாவுக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கினார். அதே வருடம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். 2019இல், 44 வயதில், ஹரியானா அணிக்குத் தலைவர். மகன் வயதுப் பையன்களெல்லாம் அவரை ‘அண்ணா’ என்று கூப்பிட்டார்கள். ஓட்ட நேரத்தில் அவர் யாரையும் ஜெயித்திருக்கமாட்டார். எப்போது அசையக் கூடாது என்பது அவருக்குத் தெரியும்.

இப்போது உன் ஆறாவது பையனுக்கு வருகிறேன். இந்தக் கடிதமே அவனுக்காகத்தான். அவனுக்கு நீ கொடுத்தது அரைப் பக்கம். ‘இடது கார்னர். சோம்பல். கால் கனம். கடைசிப் பத்து நிமிடம் ஆட்டத்திலேயே இல்லை.’ நீ இணைத்திருந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். முதல் பாதியில் அவன் அசையாமல் நிற்பது சோம்பல் இல்லை தம்பி, தொழில். மூன்று முறை ரெய்டர் அவனுக்குக் காலைக் காட்டி ஆசை காட்டுகிறான். மூன்று முறையும் இவன் அசையவில்லை. நான்காவது முறை கணுக்காலைப் பிடித்தான். விடவே இல்லை. இரண்டாம் பாதியில் அவன் நின்றது வேறு. அது களைப்பு. முட்டியில் கை வைத்து நிற்கிறான் பார். இரண்டையும் ஒரே சொல்லில் அள்ளிப் போட்டுவிட்டாய்.

அந்தக் களைப்பு எங்கிருந்து வந்தது? பையன் எங்கள் பக்கத்து ஊர். நீ வந்த வாரம் சம்பா அறுவடை உச்சம். நெல் கொள்முதல் நிலையத்தில் அவனும் அவன் அப்பாவும் லோடு ஏற்றுகிறார்கள். ஒரு சிப்பம் 40 கிலோ. பகலில் எடை போட்டுத் தைத்துக் குவித்த சிப்பங்களுக்கு ராத்திரிதான் லாரி வரும். விடியும் வரைக்கும் தோளில் சுமந்து ஏற்றிவிட்டு, குளித்துவிட்டு, பஸ் ஏறி உன் முன்னால் வந்து நின்றான். அந்த உடம்போடுதான் முதல் பாதி முழுக்க அப்படி நின்றான். ‘கால் கனம்’ என்று எழுதியிருக்கிறாய். கனக்காதா?

இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று நீ கேட்கலாம். இல்லை. அதனால்தான் சொல்கிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு அணிக்கு ஆள் பொறுக்கும் குழுவில் முதல்முறை என்னையும் உட்காரவைத்தார்கள். 60 கிலோ எடைப் பிரிவு. காலையில் எடை, மாலையில் ஆட்டம். கீழத்தஞ்சைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். அவன் ஆட்டத்தைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்தேன். அன்றைக்குப் பார்த்தால் பாட்டு நிலைக்கவில்லை. நான்கு எட்டு போவதற்குள் குரல் உடைந்தது. இரண்டு முறை நடுக்கோட்டுக்குத் திரும்பும்போது வாயைப் பொத்திக்கொண்டான். என் நோட்டில் ‘மூச்சு இல்லை’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அந்தக் காலத்தில் எனக்கு அடிக்கோடு போடுவதில் ஒரு பெருமை.

ஐந்தாறு மாதம் கழித்து ஒரு மின்னொளிப் போட்டியில் அவன் கூட்டாளி சொன்னான். முன்கூட்டிப் போட்டுப் பார்த்தபோது எடை 62 காட்டியதாம். இரண்டு நாள் வாயைக் கொப்பளித்துத் துப்பியதோடு சரி, தண்ணீர்கூட விழுங்கவில்லையாம். முதல் நாள் உச்சி வெயிலில் இரண்டு சட்டையைப் போட்டுக்கொண்டு பம்பு செட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினானாம். காலையில் எடை போட்டு முடிந்ததும் கடைக்குப் போய் ஐந்து பரோட்டா. அந்தப் பரோட்டாவோடுதான் பாடிப் போயிருக்கிறான். பட்டினியைப் பார்த்துவிட்டு மூச்சு இல்லை என்று எழுதியிருக்கிறேன் நான். தேடிப் போனேன். திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான் என்றார்கள். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அடிக்கோடும் இருக்கிறது.

ஒன்று சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ஒன்பதாவது பையனைப் பற்றி எழுதியிருக்கிறாயே: ‘பிடி நழுவிய பிறகு இவன் பக்கத்தில் நின்றவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் இடத்துக்குப் போய் நின்றுகொண்டான்.’ இந்த இரண்டு வாக்கியத்தை எழுதக் கண் வேண்டும். முப்பது வருடம் நோட்டும் கையுமாய்த் திரிந்த நான் இப்படி ஒன்று எழுதியதில்லை. தோற்ற நொடியில் பழியை யார் மேல் போடலாம் என்று தேடாத பையன் பத்து வருடம் ஆடுவான். இதைக் கண்டுபிடித்த உனக்கு ஸ்டாப்வாட்ச் எதற்கு? அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, என் சகாக்கள் நால்வருக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டினேன். ஒருவர் மறுபடி வாசிக்கச் சொன்னார்.

இந்தக் கண்ணை வைத்துக்கொண்டுதான் ஆறாவது பையனைத் தவறவிட்டாய் என்பதே என் வருத்தம். இங்கே ஆள் இல்லாமல் இல்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற கபடி அணியில் வடுவூர்ப் பையன் அபினேஷ் மோகன்தாஸ் இருந்தான். மன்னார்குடி சாலையில் அந்த வடுவூருக்குப் பறவை பார்க்கப் போகிறவர்கள்கூட இப்போது கபடித் தரை எங்கே என்று விசாரிக்கிறார்கள். பையன்கள் இருக்கிறார்கள். அவர்களை எந்த நாளில் பார்க்கிறோம் என்பதில்தான் கோளாறு. நாற்று நடுகிற மாதத்தில் ஒரு கால், அறுக்கிற மாதத்தில் ஒரு கால், கோடையில் ஒரு கால். டெல்டாப் பையனுக்கு வருடத்தில் மூன்று உடம்பு.

ஆகவே உன் படிவத்திலிருந்து அந்த நாற்பது கெஜக் கட்டத்தை அடித்துவிடு. அந்த இடத்தில் மூன்று வரி போடு. பார்த்தது எந்த மாதம். முந்தின நாள் பையன் என்ன வேலை செய்தான். கடைசியாக எப்போது சாப்பிட்டான். கேட்டால் சொல்வார்கள். கேட்காமல் சொல்லமாட்டார்கள், நம் பையன்களுக்கு அது கௌரவக் குறைச்சல்.

ஆறாவது பக்கத்தை இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை என்று எழுதியிருந்தாய். அனுப்பாதே. ஏலத்துக்கு நாள் இருக்கிறது. பங்குனி கடைசியில் ஒருமுறை வா. கொள்முதல் முடிந்திருக்கும், தரை காய்ந்திருக்கும், பையன் பத்து நாளாவது ராத்திரி தூங்கியிருப்பான். அப்போது பார்த்துவிட்டு எழுது. அப்போதும் சோம்பல் என்று பட்டால் அப்படியே எழுது. நான் வாயைத் திறக்கமாட்டேன்.

அன்புடன்,
உன் அண்ணன்