தபாலில் கடிகாரம் விற்றவர் தரும் பாடம்

நேரடிக் கொள்முதல் என்றாலே லாபம் என்று பலரும் எண்ணுகிறோம். எந்தச் சரக்குக்கு அது பொருந்தும் என்பதே கேள்வி.

அமெரிக்காவின் மின்னசோட்டாவில் 1886-ல், உள்ளூர் நகைக்கடைக்காரர் ஏற்க மறுத்த சட்டைப்பைக் கடிகாரங்களை ரிச்சர்ட் சியர்ஸ் என்ற ரயில் நிலைய ஏஜெண்ட் தாமே எடுத்து, மற்ற நிலைய ஏஜெண்டுகளுக்கு விற்றார். லாபம் வரவே, தபாலில் கடிகாரம் விற்கும் கம்பெனியே தொடங்கிவிட்டார். கடிகாரம் எடை குறைவு, விலை அதிகம். அனுப்பும் செலவு கையைக் கடிக்காது.

ஆனால் பார்க்காமல் பணம் அனுப்புகிறவருக்கு, 'ஓடாவிட்டால் யாரிடம் போவது?' என்ற அச்சம் இருக்கும். 1887-ல் சிகாகோவுக்கு மாறிய சியர்ஸ், ஆல்வா ரோபக் என்ற கடிகாரப் பழுது பார்ப்பவரை வேலைக்கு அமர்த்தினார். 1893-ல் கம்பெனியின் பெயரே சியர்ஸ் ரோபக் ஆனது.

பருப்பும் புளியும் கடிகாரம் அல்ல. எடை அதிகம், லாபம் குறைவு. ஆகவே ஆலையில் நேராக எடுக்குமுன் லாரி வாடகை, ஏற்றுகூலி, இறக்குகூலி, எடைக்குறைவு, தவணை எல்லாவற்றையும் சேர்த்து அடக்கவிலை போடுங்கள். பழுதான மூட்டையைத் திரும்ப எடுப்பார்களா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

இன்று வாடிக்கையாளர் செல்போனிலேயே சரக்கு வரவழைக்கிறார். 'சரியில்லை என்றால் கொண்டு வாருங்கள், மாற்றித் தருகிறேன்' என்ற சொல்லே நம் கடையின் முதல். அதைக் காப்பாற்றுவோம்.