தன் வாசிப்பு தனக்குக் கேட்க

சிறிய மேடையில் பேஸ் கித்தார் வாசிப்பவருக்குத் தம் வாசிப்பு தமக்கே சரியாகக் கேட்பதில்லை. உடனே ஒலியைக் கூட்டுகிறார். முன்வரிசையினர் காதைப் பொத்திக்கொள்கின்றனர்; பாடகரின் குரலும் அமுங்கிப்போகிறது.

பெரும்பாலும் குறை ஒலியின் அளவில் இல்லை. ஒலிபெருக்கிப் பெட்டி இருக்கும் இடத்தில்தான் உள்ளது. நான்கு தந்தி பேஸ் கித்தாரின் மிகத் தடித்த தந்தி வழக்கமான சுருதியில் நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. அவ்வொலியின் அலைநீளம் 8 மீட்டருக்கும் அதிகம். இத்தகைய தாழ்ந்த ஒலி எல்லாத் திசைகளிலும் பரவும். ஆனால், விரல் தந்தியை மீட்டும் தெளிவைத் தரும் உயர்ந்த ஒலிகள் பெரும்பாலும் பெட்டிக்கு நேர் எதிரேதான் செல்லும். தரையில் வைத்த சிறிய பெட்டி, அருகில் நிற்பவரின் முழங்காலுக்குத்தான் வாசித்துக் காட்டுகிறது!

ஆகவே, பெட்டியை உறுதியான மேசைமீது ஏற்றலாம்; அல்லது பின்புறமாகச் சாய்த்து, அதன் முகம் காதை நோக்கும்படி வைக்கலாம். இடமிருந்தால் ஓரிரு மீட்டர் தள்ளி நிற்பதும் உதவும். மூலையில் வைப்பது அவ்வளவு நல்லதன்று. இரு சுவர்களும் தரையும் சேர்ந்து தாழ்ந்த ஒலியைப் பெருக்குவதால், சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பி முழங்கும். மேடை மிகவும் குறுகலாக இருந்தால் சாய்ப்பதே எளிது. பெட்டியின் முன்விளிம்புக்கு அடியில், வழுக்காத ஒரு மரக்கட்டை போதும்.