"ஏம்மா, வீட்டையும் வேலையையும் சமாளிப்பாயா?"

பள்ளிப் படிப்பையோ கல்லூரிப் படிப்பையோ முடித்து வேலைக்கு மனுப் போடும் நம் மாணவியர், படித்த பாடத்தில் கேள்வி கேட்டால் தயங்குவதில்லை. சான்றிதழ்களை வரிசையாக நீட்டவும், நிமிர்ந்து உட்காரவும் அவர்களுக்குத் தெரியும். "ஏம்மா, வீட்டையும் வேலையையும் சமாளிப்பாயா? கல்யாணம் ஆனால் நின்றுவிடுவாயா?" என்று கேட்கும்போதுதான் நா ஒட்டிக்கொள்கிறது. அந்தக் கேள்விக்கு விடை கூறும் முறையை இங்கே பார்ப்போம்.

கேள்வி பழையது. 1951-ஆம் ஆண்டு அன்னா ராஜம் ஜார்ஜ் என்ற இளம்பெண் இந்திய ஆட்சிப் பணிக்கான நேர்முகத் தேர்வில் அமர்ந்தார். கோழிக்கோட்டில் பயின்றவர். தேர்வுக் குழுவிலிருந்த மூத்த அதிகாரிகள், "பெண்களுக்கு ஏற்றது வெளிநாட்டுப் பணியோ மத்தியப் பணிகளோதான்" என்று அவர் மனத்தை மாற்றப் பார்த்தார்கள். அவர் அசையவில்லை, ஆட்சிப் பணியையும் சென்னை மாகாணத்தையுமே கேட்டுப் பெற்றார். திருமணமானால் வேலை போய்விடும் என்று நியமன ஆணையிலேயே எழுதியிருந்தது! அந்த விதி சில ஆண்டுகளில் மாற்றப்பட்டது. அப்போதைய முதலமைச்சர் இராஜாஜி, சப்-கலெக்டராக அனுப்பத் தயங்கித் தலைமைச் செயலகத்தில் இடம் தருவதாகச் சொன்னார். அதற்கும் அவர் இணங்கவில்லை. குதிரையேற்றமும் துப்பாக்கி சுடுதலும் பயின்று, அன்று சேலம் மாவட்டத்திலிருந்த ஓசூரில் சப்-கலெக்டரானார்.

அவருக்குச் சற்று முன்பு, 1949-ல் வெளிநாட்டுப் பணியில் சேர்ந்த சி. பி. முத்தம்மாவும் இதே தடைகளைச் சந்தித்தார். குடும்பப் பொறுப்பு இடையூறாகுமென்று அரசு கருதினால் மணமான பெண் அதிகாரி விலக வேண்டும் என்ற விதியை எதிர்த்து அவர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1979-ல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அந்த விதியைக் கடுமையாகக் கண்டித்தார். குடும்பம் ஆணுக்கும் உண்டல்லவா என்பதே அவர் எழுப்பிய வினா.

இனி நம் ஊருக்கு வருவோம். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளில் மேல்தோலைத் தைக்கும் பகுதியில் பெண்களே மிகுதி. தையல் வரிசையில் ஒரு மெஷின் காலியானால் அடுத்தவளுக்கு வேலை வராது, முந்தியவளிடம் குவியும். கப்பலேற்றும் தேதியோ தள்ளிப் போகாது. ஆகவே கேட்பவரின் கேள்வியில் பாதி நியாயமானது: நீ தினமும் நேரத்துக்கு வருவாயா? மறுபாதி வெறும் பழக்கம். அதே நாற்காலியில் உட்காரும் பையனிடம் அதை யாரும் கேட்பதில்லை. நியாயமான பாதிக்கு முழு விடை கொடுங்கள். மறுபாதிக்கு மரியாதை குறையாமல் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

"எதுவானாலும் பார்த்துக்கொள்வேன் சார்" என்பது நல்ல விடைபோலத் தோன்றும். உண்மையில் மிக மோசமானது அதுதான். அடுத்த மாதம் இரவு ஒன்பது மணி வரை நிறுத்தும்போது, "நீதானே சொன்னாய்" என்பார்கள். "அப்பாவைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பதும் ஆகாது. வீட்டில் ஒன்றுமே பேசாமல் வந்திருப்பதை அது காட்டிவிடும். முதல் நாள் இரவே வீட்டாரோடு உட்கார்ந்து, தண்ணீர் பிடிப்பது யார், தம்பியை அழைத்துவருவது யார், எந்த பஸ் என்று பேசி முடியுங்கள். பிறகு இப்படிச் சொல்லலாம்:

"ஏழேகால் பஸ்ஸில் ஏறினால் எட்டே காலுக்கு இங்கே இருப்பேன் சார். தம்பியைப் பாட்டி பார்த்துக்கொள்வார். அவசர வேலை என்றால் முதல் நாளே சொன்னால் வீட்டில் சொல்லிவிட்டு வருவேன். இரவில் திரும்ப கம்பெனி வண்டி உண்டுங்களா?"

கடைசியில் ஒரு கேள்வி இருப்பதைக் கவனியுங்கள். அது துடுக்கன்று. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் மாலை 7 முதல் காலை 6 வரை பெண்கள் வேலை செய்வதைத் தடுத்தது. அத்தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ல் தீர்ப்பளித்து, பாதுகாப்பு நிபந்தனைகளை விதித்தது. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, அந்த நேரத்தில் பெண் வேலை செய்ய அவளுடைய சம்மதம் வேண்டும். மிகைநேரத்துக்கு இரட்டிப்புக் கூலி. ஆகவே வண்டியைப் பற்றிக் கேட்பவள் சலுகை கேட்பவளல்ல.

செவிலியர் வேலைக்குப் போகிறவர்களிடம் இரவுப் பணியைப் பற்றிக் கேட்பார்கள். இரவில் விழித்திருப்பது பெரிதல்ல. பகலில் தூங்க வீடு விடுமா என்பதே சங்கடம். பதினொரு மணிக்கு வரும் விருந்தாளிக்குக் காபி போட எழுப்பாமலிருக்கப் பெற்றோரே உதவ வேண்டும்.

திருமணக் கேள்விக்கு: "மணமானாலும் வேலையைத் தொடரவே விரும்புகிறேன். எந்த ஊரில் இருப்பேன் என்று இன்று சொல்ல இயலாது." இதுவே போதும். நிச்சயமான செய்தியை நீங்களாக விவரிக்க வேண்டியதில்லை. கேட்டபின் இல்லையென்று பொய் சொல்லவும் வேண்டாம்.

மகளுடன் செல்லும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கேள்வி அவளிடம் வரும்போது நீங்கள் முந்திக்கொண்டு விடை சொல்லாதீர்கள்.

வேலை உறுதியானதும், மகப்பேற்று உரிமைகளைப் பற்றிய தாளையும் கேட்டு வாங்குங்கள். நியமனத்தின்போதே அதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுமென்பது 2017-ஆம் ஆண்டுத் திருத்தம். முதல் இரு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும். தாய் நாளொன்றுக்கு 4 முறை அங்கே போய்வரலாம். பதினெட்டு வயதில் இதைக் கேட்கக் கூச்சமாயிருந்தால், தாளை மட்டும் வாங்கிச் சான்றிதழ் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.