விலானை விட்டு வெளியே வராத போர்ட்டுகள்

விலான் என்றால் நம்மில் பலருக்கு அது வைவாவில் வரும் ஒரு கேள்வி. "வெர்ச்சுவல் லோக்கல் ஏரியா நெட்வொர்க் சார்" என்று விரித்துச் சொன்னால் மார்க் கிடைத்துவிடும். நானும் அப்படித்தான் சொல்லித் தப்பித்துக் கொண்டிருந்தேன், இன்பிளான்ட் டிரெயினிங் போகும் வரை. அங்கே என் கைவரிசையால் ஒரு அக்கவுண்ட்ஸ் செக்ஷன் முழுவதும் முக்கால் மணி நேரம் முடங்கிப் போனது, அதுவும் சம்பளப் பட்டியல் போடுகிற நாளில். அந்தக் கதைக்கு முன்னால் கொஞ்சம் பாடம்.

24 போர்ட் உள்ள ஒரு புது சிஸ்கோ ஸ்விட்சைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கரண்ட் கொடுத்தால், எல்லா போர்ட்டுகளும் விலான் 1-இல்தான் இருக்கும். ஒரு கம்ப்யூட்டர் போடுகிற பிராட்காஸ்ட் மற்ற 23 போர்ட்டுகளுக்கும் போகும். சில போர்ட்டுகளை விலான் 20-க்கு மாற்றிவிட்டால், ஒரே பெட்டிக்குள் இரண்டு ஸ்விட்ச் இருப்பது போல ஆகிவிடும். இந்தப் பக்கத்துச் சத்தம் அந்தப் பக்கம் கேட்காது. இரண்டும் பேசிக்கொள்ள ரவுட்டரோ லேயர் 3 ஸ்விட்சோ நடுவில் வேண்டும்.

சேர்ப்பது சுலபம். இன்டர்ஃபேஸுக்குள் போய் 'ஸ்விட்ச்போர்ட் மோட் ஆக்சஸ்', அடுத்து 'ஸ்விட்ச்போர்ட் ஆக்சஸ் விலான் 20'. அவ்வளவுதான். அப்படி ஒரு விலானே இல்லாவிட்டாலும், "இல்லை, உருவாக்குகிறேன்" என்று ஒரு வரி சொல்லிவிட்டு ஸ்விட்சே உருவாக்கிக் கொள்ளும். இதில் கவனிக்க வேண்டியது, இப்படிச் சேர்வது போர்ட்தான், கம்ப்யூட்டர் அல்ல. எந்த விலானில் இருக்கிறோம் என்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கேபிளைப் பிடுங்கிப் பக்கத்து போர்ட்டில் செருகினால், அந்த போர்ட்டின் விலானுக்குப் போய்விடும்.

இரண்டு ஸ்விட்சுகளுக்கு இடையே உள்ள டிரங்க் லிங்க் வேறு மாதிரி. அதில் பல விலான்களும் ஒரே கேபிளில் போவதால், ஒவ்வொரு ஃபிரேமிலும் 4 பைட் டேக் செருகப்படுகிறது. 1998-இல் வந்த 802.1க்யூ தரம் இது. விலான் எண்ணுக்கு அதில் 12 பிட். எனவே 4096 எண்கள். 0-வும் 4095-உம் போக மீதி நமக்கு. நேட்டிவ் விலான் மட்டும் வழக்கமாக டேக் இல்லாமல் போகும். (வைவாவில் இதைக் கேட்காத எக்ஸ்டர்னல் கிடையாது!) டிரங்கில் புது விலானைச் சேர்க்கும்போது 'அலவ்ட் விலான்' என்பதற்குப் பிறகு 'ஆட்' என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள். விட்டால் பழைய பட்டியல் அழிந்து, புதிது மட்டும் நிற்கும்.

இப்போது என் கதை. விலான் 20-இல் இருந்த 11 போர்ட்டுகளை அடுத்த வாரம் விலான் 40-க்கு மாற்றப் போவதாகவும், இப்போதைக்குப் பட்டியல் மட்டும் எடுக்கும்படியும் இன்ஜினியர் சார் சொல்லியிருந்தார். எனக்கு ஆர்வக் கோளாறு. விலான் 20-ஐ நீக்கினால் போர்ட்டுகள் தானாக விலான் 1-க்குத் திரும்பிவிடும், பிறகு மாற்றுவது சுலபம் என்று நானே ஒரு தியரி வைத்திருந்தேன். 'நோ விலான் 20' அடித்தேன். ஸ்விட்ச் ஒரு எச்சரிக்கைகூடக் காட்டவில்லை. ஆனால் 11 விளக்குகளும் பச்சையிலிருந்து ஆரஞ்சுக்கு மாறின.

'ஷோ விலான் பிரீஃப்' போட்டுப் பார்த்தால், அந்த 11-ம் விலான் 1-இலும் இல்லை, வேறு எதிலும் இல்லை. வயிற்றைக் கலக்கியது. அதற்குள் போன் அடிக்க ஆரம்பித்துவிட்டது. சார் ஓடிவந்து, "தம்பி, எதையாச்சும் தொட்டியா?" என்றார்.

"இல்ல சார்."

அவர் சர்வரைப் பார்த்தார். மாடிக்குப் போய் கேபிளைப் பார்த்தார். வியர்க்க வியர்க்கத் திரும்பி வந்தபோதுதான் எனக்கு வாய் வந்தது. சொன்னேன். அவர் திட்டவில்லை. 'ஷோ இன்டர்ஃபேசஸ் ஸ்விட்ச்போர்ட்' போட்டுக் காட்டினார். ஆக்சஸ் விலான் 20, பக்கத்திலேயே 'இன்ஆக்டிவ்' என்று இருந்தது. பிறகு 'விலான் 20' என்று அடித்து 'எக்சிட்' கொடுத்தார். ஸ்பேனிங் ட்ரீ எடுத்துக்கொண்ட அந்த 30 விநாடி எனக்கு ஒரு யுகம். விளக்குகள் பச்சையாயின.

"கேட்டப்பவே சொல்லியிருந்தா ரெண்டு நிமிஷ வேலை தம்பி" என்றார்.

விஷயம் இதுதான். விலான்களின் பட்டியல் ஓரிடத்தில் இருக்கிறது. 'நான் 20-ஐச் சேர்ந்தவன்' என்ற வரி போர்ட்டின் கான்ஃபிகரேஷனில் இருக்கிறது. பட்டியலில் 20-ஐ அடித்துவிட்டாலும் போர்ட்டில் உள்ள வரி அழியாது. பி செக்ஷனைக் கலைத்த பிறகும் ஐடி கார்டில் 'பி' என்றே இருக்கிற மாணவன் மாதிரி. எந்த வகுப்பிலும் அட்டெண்டன்ஸ் விழாது. போர்ட் முறையாக வெளியே வர, அதன் இன்டர்ஃபேஸில் 'நோ ஸ்விட்ச்போர்ட் ஆக்சஸ் விலான்' கொடுக்க வேண்டும். அப்போதுதான் விலான் 1-க்குத் திரும்பும். நேராக வேறு விலான் எண்ணைக் கொடுத்தாலும் சரி. கடைசி போர்ட்டும் வெளியேறிய பிறகே விலானை நீக்க வேண்டும்.

லேபிலும் இதே சமாச்சாரம் உண்டு. 'ரைட் எரேஸ்' கொடுத்து ரீலோடு செய்த பிறகும் முந்தைய பேட்ச் போட்ட விலான்கள் முளைத்து நிற்கும். அந்தப் பட்டியல் ஃபிளாஷில் 'விலான்.டாட்' என்ற தனி ஃபைலில் இருப்பதே காரணம். பிராக்டிகல் எக்ஸாம் அன்று காலையில் அதையும் டெலீட் செய்துவிட்டு ரீலோடு கொடுங்கள்.