விலைக் கோட்டை எப்படிப் படிப்பது?

சகோதரிகளே, 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது ஞாபகம் இருக்கா? மே முதல் ஜூலை வரை விலையை மட்டும் சார்ட்டில் புள்ளி வைத்து இணைத்தால் கோடு மேலேயே ஏறும். பார்த்தவுடன் "கடன் வாங்கி நாமும் நடலாமே" என்றுதான் தோணும். ஆனால் நாற்று நட்டுக் காய் பறிக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். அதற்குள் எல்லார் தோட்டத்துக் காயும் சந்தைக்கு வந்துவிடும். அப்படித்தான் வந்தது. செப்டம்பரில் ஆந்திரா, மகாராஷ்டிரா பக்கம் பறிப்புக் கூலிக்கே கட்டாமல் ரோட்டோரம் கொட்டினார்கள். கோட்டில் தப்பில்லை. முடிந்த இடத்திலிருந்து அதை மேலே நீட்டியது நம்ம மனசுதான்.

கூட்டத்தில் யாராவது இப்படி ஒரு கோட்டைக் காட்டிக் கடன் கேட்டால், மூன்று வருஷ விலையையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். எந்த மாதம் ஏறியிருக்கு, எப்போ இறங்கியிருக்கு, நம்ம காய் எந்த மாதம் வரும் என்று விரல் வைத்துப் பார்த்த பிறகு தீர்மான நோட்டில் எழுதுங்கள்.